மலைத் தேயிலையும் அடைத்த மூக்கும்

எனக்கு நாக்கு உண்டு என்று முதன்முதலில் சொன்னவர் என் முதலாளி. அதற்கு முன்னும் எனக்கு நாக்கு இருந்தது. சோறு தின்னவும் வாயாடவும் அதைப் பயன்படுத்திவந்தேன். திருவனந்தபுரம் ஆரியசாலையில் அவருடைய தேயிலை மொத்தக் கடையில் நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். மலையிலிருந்து வந்த ஒரு சரக்கைக் கொதிநீரில் போட்டு எல்லோரும் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு கரண்டி உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, தகர வாளியில் துப்பிவிட்டு, "இதுல பழைய தூள் கலந்திருக்கு மொதலாளி" என்றேன். விசாரித்தபோது அது உண்மையாகிவிட்டது. எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், அந்தப் பலகைப் பெட்டியின் மூடியில் இரண்டு ஆணிகள் மட்டும் புதிதாகப் பளபளத்தன; யாரோ திறந்து மறுபடி அடித்திருக்கிறார்கள். "அவனுக்கு நாக்கு உண்டுடே" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னபோது, ஆணியைப் பற்றிப் பேச்செடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து என் நாக்கை நான் பச்சைக் குழந்தையைப்போல வளர்க்கத் தொடங்கினேன். வெற்றிலையை விட்டேன். வீட்டில் மிளகாயைக் குறைக்கச் சொன்னேன். என் மனைவி நர்ஸ். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து சமைப்பவள். "உங்களுக்க நாக்குக்குத் தனியா ஒரு சட்டி வைக்கட்டா?" என்று கேட்டாள். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. வைக்கலாம் என்றே சொன்னேன்.

கடையில் என் கெடுபிடி இன்னும் மோசம். எங்களுக்குப் பக்கத்துக் கடையில் பெருங்காயம் விற்றார்கள். அந்தப் பக்கத்துச் சன்னலை நான் சாத்தியே வைத்திருப்பேன். மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் யாராவது தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து நேந்திரம்பழம் உரித்தால் ஓடிப்போய்த் தடுப்பேன். "தேயிலை பக்கத்துல உள்ளதோட மணத்தையெல்லாம் பிடிச்சிரும், தெரியுமா?" என்று தினமும் ஒரு பிரசங்கம். அவர்கள் என்னைக் கண்டாலே பழத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள்.

இப்படி நான் பெரிய மனிதனாக இருந்த காலத்தில், எண்பதுகளின் தொடக்கம் அது, மனைவியின் அண்ணன் லீவில் வந்தார். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. தங்கைக்கு நைலக்ஸ் சேலையும் வாசனை சோப்பும் கொண்டுவந்திருந்தார். எனக்கு ஒரு தகர டப்பா. அதன்மேல் மேகத்துக்குள் பாதி மறைந்த மலையும், கீழே சீன எழுத்துகளும் இருந்தன.

"அளியா, நீ டீக்காரன்லா. இது உனக்காக்கும்," என்றார், தங்கை கணவனுக்குரிய முறை சொல்லி. "தைவான்ல வாங்கினேன். ஊலாங்னு பேரு."

டப்பாவைத் திறந்தேன். தேயிலை என்று நான் அறிந்த எதுவும் உள்ளே இல்லை. நல்லமிளகைப்போல உருண்டை உருண்டையாக, கரும்பச்சையாக ஏதோ கிடந்தது. மனைவி எட்டிப் பார்த்து, "கஷாயத்துக்குப் போடுத அங்காடி மருந்து மாதிரில்லா இருக்கு" என்றாள்.

"இதை எப்படிப் போடணும் மச்சான்?" என்று கேட்டேன்.

அது ஒரு கதை. அந்தத் தேயிலைக் கடைக்காரிக்கு மச்சானின் பாஷை தெரியாது. மச்சானுக்கு அவள் பாஷை தெரியாது. அவள் கையைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டி, பிறகு தன் தோள்களைத் தானே கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினாளாம். ரொம்ப உயரமான, குளிர்ந்த மலையில் விளைந்தது என்று அர்த்தம். பிறகு சுடுதண்ணீரில் போட்டு ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுத்தாள். அது முடிந்ததும் ஒரு கண்ணாடிப் பாட்டிலைக் காட்டி, அதில் இலையையும் பச்சைத் தண்ணீரையும் போட்டு, ஃபிரிட்ஜைக் காட்டி, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினாளாம்.

"நான் இது உறக்கத்துக்கு உள்ள மருந்துன்னு நெனச்சிட்டேன்," என்றார் மச்சான். "பொறவு கப்பல்ல ஒரு சீனாக்காரன் சொல்லியாக்கும் விளங்கினது. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில வைக்கணும்னு சொல்லியிருக்கா. சூடா ஒரு தடவ, தணுப்பா ஒரு தடவ. ரெண்டும் குடிச்சாத்தான் இந்த இலையை அறியமுடியுமாம்."

"அது என்னத்துக்கு?" என்றேன். "ஒரு வாய் போதும் எனக்கு."

அன்று சாயங்காலமே போட்டேன். டீக்கடைகளுக்கு நாங்கள் விற்கும் தூளுக்கு என்ன அளவோ அதே அளவு. ஸ்டவ்வில் வைத்துத் தளதளவென்று கொதிக்கவிட்டேன். சற்று நேரத்தில் பாத்திரத்தின் மூடி தானாக எழுந்தது. திறந்து பார்த்தால் உருண்டைகள் எல்லாம் அவிழ்ந்து, காம்பும் இலையுமாக, தண்ணீரே தெரியாமல் நிறைந்து நின்றன.

"தாளிச்சிரவா?" என்று மனைவி கேட்டாள். "முருங்கக்கீரை மாதிரி இருக்கு. தேங்கா வேணும்னா திருவித் தாறேன்."

குடித்தேன். கஷாயம். நாக்கு உள்ளே சுருண்டுகொண்டது. "பழைய சரக்கு மச்சான். உங்களை ஏமாத்திட்டா," என்று தீர்ப்புச் சொன்னேன். மச்சானின் முகம் வாடிவிட்டது. அவர் அந்த டப்பாவை எத்தனை துறைமுகம் தாண்டிப் பெட்டிக்குள் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மனைவிக்கு உறைத்தது. மறுநாள் அவள்தான் ஒரு சிட்டிகை இலையை மட்டும் எடுத்து, இறக்கி வைத்த சுடுநீரில் போட்டு, சற்று நேரம் மூடிவைத்து, மூவருக்கும் ஊற்றினாள். இளம் மஞ்சளாக, தெளிவாக இருந்தது.

நான் உறிஞ்சினேன். சுழற்றினேன். ஒன்றுமே இல்லை.

இதை விளக்கியாக வேண்டும். என் நாக்கு பழகியது டஸ்ட் என்கிற தூள் தேயிலைக்கு. அதில் நாங்கள் பார்ப்பது கடுப்பு, நிறம், பால் ஊற்றினால் தாங்குமா என்பது. ஓங்கி அறைந்தால்தான் திரும்பிப் பார்க்கும் நாக்கு அது. இந்த மஞ்சள் தண்ணீர் அதன் பக்கத்தில் வந்து மெல்ல ஏதோ சொல்லிவிட்டுப் போனது; அதற்குக் காது கேட்கவில்லை. பூப் போட்டுவைத்த பாத்திரத்தைக் கழுவிய வெந்நீர்போல இருந்தது, அவ்வளவுதான்.

"எப்படி இருக்கு?" என்று மச்சான் ஆவலாகக் கேட்டார்.

நாக்கு உள்ளவன் என்ன சொல்வான்? "ஆகா," என்றேன். "மலைக் காத்து அடிக்குது மச்சான். மேகம் இறங்கி நிக்கிற ஒரு மணம்." பொன்முடிக்கு ஒருமுறை கடை வேலையாகப் போய், கொண்டைஊசி வளைவுகளில் வாந்தி எடுத்ததைத் தவிர எனக்கு மலைக்காற்றோடு வேறு பழக்கமில்லை. மச்சானின் முகம் மலர்ந்தது. மனைவி என்னையும் கிண்ணத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் அதைக் கடையில் போய்ச் சொன்னேன். உயர்ந்த மலையில் விளையும் ஊலாங் எங்கள் வீட்டில் இருக்கிறது, அதைச் சூடாகவும் தணுப்பாகவும் ருசித்துப் பார்க்கும் முறை ஒன்று உண்டு, அது எல்லோராலும் முடியாது என்று அளந்தேன். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தேயிலையில் தலைமுடி நரைத்தவர். கொச்சி ஏலத்துக்குத் தன்னோடு சரக்குப் பார்க்க ஒரு ஆளைக் கூட்டிப்போகலாமா என்று அந்தச் சமயம் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் நானாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

"அப்படியாடே?" என்றார். "ஞாயித்துக்கிழம சாயங்காலம் வீட்டுக்கு வாறேன். ரெண்டு விதமாவும் போட்டுக் காட்டு."

அந்த வாரம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழை தொடங்கியது. புதன்கிழமை கடையிலிருந்து மணக்காட்டில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வருவதற்குள் குடையையும் மீறித் தொப்பலாக நனைந்தேன். மறுநாள் எழுந்தபோது மூக்கு இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. மனைவி ஆவி பிடிக்கவைத்தாள், தைலம் தேய்த்தாள். அது அசையவில்லை. சனிக்கிழமை காலை அவள் என் முன்னால் ஒரு டப்பியைத் திறந்து நீட்டினாள்.

"என்ன மணம்?"

"எதுக்க மணம்?"

"இது பெருங்காயமாக்கும். இதுவே உங்களுக்குத் தெரியல்ல. மொதலாளிட்ட அடுத்த வாரம் வரச் சொல்லுங்க. மூக்கடைப்புன்னு சொன்னா அவரு என்ன, கழுத்தையா அறுக்கப் போறாரு?"

"நாக்கு வேற, மூக்கு வேற," என்றேன். "எனக்க நாக்குக்கு ஒண்ணும் இல்ல."

தேயிலைத் தொழிலில் இருப்பவன் பேசும் பேச்சா அது! மூக்கு இல்லாமல் நாக்குக்குக் கசப்பும் இனிப்பும் தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கொச்சி என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

எங்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை. மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா ரிட்டயரான டீச்சர். மகன் வாங்கிக் கொடுத்த ஃபிரிட்ஜ் அவர் வீட்டில் இருந்தது. சனிக்கிழமை மாலை ஒரு எவர்சில்வர் ஜக்கில் பச்சைத் தண்ணீரும் ஊலாங்கும் போட்டு எடுத்துக்கொண்டு மாடியேறினேன். படியில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"மூடி போட்டுக் கொண்டுபோங்க."

"நல்ல தேயிலைக்குக் காத்து வேணும் பிள்ளே. மூச்சு விடணும்."

இதை நான் எங்கிருந்து பிடித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் எனக்கே தோன்றியது. டீச்சர் ஃபிரிட்ஜைத் திறந்து இடம் காட்டினார். உள்ளே காகிதத்தால் மூடிய ஒரு பெரிய வட்டப் பாத்திரம் இருந்தது. அதன் பக்கத்தில் ஜக்கை வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிறு சாயங்காலம் முதலாளி வெள்ளை வேட்டியை முழங்கால்வரை மடித்துக் கட்டிக்கொண்டு, மழையில் வந்து இறங்கினார். முன்னறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். மச்சான் கப்பலுக்குரிய மரியாதையோடு சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து நின்றார். நான் மேசைமேல் கிண்ணங்களை வரிசையாக வைத்து, பூசைபோல ஆரம்பித்தேன்.

முதலில் சூடு. முதலாளி குடித்துவிட்டு, துப்ப இடம் தேடி, பிறகு விழுங்கினார். "வெந்நி மாதிரில்லா இருக்கு," என்றார்.

"மெதுவாத்தான் தெரியும் மொதலாளி. அவசரப்படப் பிடாது," என்றேன். என் குரல் மூக்குக்குள்ளேயே சுற்றி வந்தது.

பிறகு மாடிக்குப் போய் ஜக்கை எடுத்துவந்து, வடிகட்டி, கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றினேன். முதலாளி ஒரு வாய் குடித்தார். புருவம் மேலே போனது. இன்னொரு வாய் குடித்தார்.

"என்னடே இது! பழ மணம்லா அடிக்குது! சீனி கீனி போட்டியா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நானும் குடித்தேன். குளிர்ந்த தண்ணீர். அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை. ஆனால் முதலாளிக்கே தெரிகிற மணம் எனக்குத் தெரியாமல் போகுமா? "ஒரு மணி சீனி போடல்ல மொதலாளி. அதாக்கும் உயர்ந்த மலைக்க குணம். தணுப்புலதான் அது வெளிய வரும்."

மச்சான் குடித்துவிட்டு என்னை விநோதமாகப் பார்த்தார். "அளியா, தைவான் கடையில அவ தந்தப்ப இந்த மணம் இல்லியே."

"அது பழைய இலையா இருந்திருக்கும்."

"இதே டப்பாதான் அளியா."

மனைவி ஒரு மிடறு குடித்தாள். தம்ளரை மெதுவாக மேசைமேல் வைத்தாள். உதட்டை உள்ளுக்குள் மடித்துக்கொண்டு, "இஞ்ச கொஞ்சம் வாருங்க," என்று அடுக்களைப் பக்கம் தலையசைத்தாள். அந்த அழைப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போயிருந்தால் என் வாழ்க்கை கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். "பொறவு வாறேன்" என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது வாயைச் சுழற்றினார். "நல்லாத் தெரிஞ்ச மணமாட்டுல்லா இருக்கு. வாயில வருது, பேரு வரமாட்டேங்குது... வரிக்கச் சக்க! நல்ல வரிக்கச் சுளை மாதிரி இருக்குடே."

எங்கள் பக்கத்தில் பலாப்பழத்தைச் சக்கை என்றுதான் சொல்வோம்; வரிக்கை அதில் நல்ல ரகம். "சரியாச் சொன்னிய மொதலாளி!" என்று கையைத் தட்டினேன். "அதாக்கும் இதுக்க ரகசியம். அந்த மலையில தேயிலைக்கு நடுவுல நெழலுக்குச் சக்க மரம் நட்டிருப்பானுவ. வேரும் வேரும் பின்னிக் கிடக்கும். அந்தச் சத்து இலைக்கு ஏறிரும்."

"அந்தக் கடைக்காரி ஐஸில நிக்கிறவ மாதிரில்லா நடுங்கிக் காட்டினா," என்றார் மச்சான் யோசனையாக. "அவ்வளவு தணுப்புல சக்க காய்க்குமா அளியா?"

"காய்க்கும் மச்சான். அது வேற இனம்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். இருமுகிறாள் என்று நினைத்தேன். என் ஜலதோஷம் ஒட்டிக்கொண்டதோ என்று கவலைகூடப் பட்டேன்.

அப்போதுதான் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் வந்தார். விருந்தாளி வந்திருப்பதைப் பார்த்து, வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தார். மஞ்சள் மஞ்சளாக, பளபளவென்று, பலாச்சுளைகள்.

"மோளே, இது எல்லாருக்கும் கொடுக்கு," என்று தட்டை மனைவியிடம் நீட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "சாரே, ஒரு காரியம் சொல்லான் மறந்து போயி. ஃபிரிட்ஜில சக்க முறிச்சு வச்சிருந்து. சாரின்றெ சாயாப் பாத்திரம் மூடாதெயல்லே இருந்தது? ராவிலே நோக்கினப்ப ஃபிரிட்ஜ் முழுவனும் சக்க மணம். சாயால மணம் பிடிச்சோ?"

மனைவி தட்டை மேசைமேல், முதலாளி முன்னால் வைத்தாள்.

முதலாளி தட்டிலிருந்து ஒரு சுளையை எடுத்தார். நிதானமாகக் கொட்டையை நீக்கிவிட்டுக் கடித்தார். மென்று விழுங்கி, தம்ளரில் மீதியிருந்த தேநீரை ஒரு வாய் குடித்தார். திரும்பவும் சுளையைக் கடித்தார்.

"ஆமாடே," என்றார். "அதே மலைதான்."

மனைவிதான் முதலில் சிரித்தாள். அதுவரை அடக்கிவைத்தது எல்லாம் சேர்ந்து வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மச்சான் சிரித்தார். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கூடச் சிரித்தார். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு சுளையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அப்போதும் மணம் தெரியவில்லை.

போகும்போது வாசலில் குடையை விரித்துக்கொண்டே முதலாளி கேட்டார். "மூக்கு அடைச்சிருக்காடே?"

"கொஞ்சம்."

"என்னைக்கிலேருந்து?"

"புதன்கிழம நனஞ்சேன்."

"அப்ப வெள்ளிக்கிழம நீ குடிச்சுப் பாத்து நல்லதுன்னு சொன்ன சரக்கு?"

மறுநாள் காலை முதலாளி அந்தச் சரக்கை எல்லாம் திரும்பப் போட்டுக் குடித்துப் பார்த்தார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். எல்லாமே நல்ல சரக்குதான். நான் மூக்கே இல்லாமல் சொன்ன தீர்ப்பும் மூக்கோடு சொல்லியிருக்கக்கூடிய தீர்ப்பும் ஒன்றுதான் என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியானால் அந்த மூக்கு இத்தனை நாள் எதற்கு இருந்தது? பலாச்சுளைத் தட்டைவிட அதுதான் என்னை அதிகமாக அடித்தது.

செய்தி எப்படியோ சுமட்டுத் தொழிலாளிகளுக்குப் போய்விட்டது. அந்த வாரம் ஒருவர் தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக ஒரு நேந்திரம்பழத்தை உரித்துத் தின்றார். நான் கணக்குப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். கடையில் எனக்குச் சக்கை என்ற பேர் நிலைத்தது. வடித்துப்போட்ட தேயிலைக்கும் அங்கே சக்கை என்றுதான் பேர். இரண்டில் எதை நினைத்துக் கூப்பிட்டாலும் எனக்குப் பொருத்தமாகவே இருந்தது. கொச்சிக்கு அந்த வருடம் முதலாளி தனியாகப் போனார். பின்னால் என்னையும் கூட்டிப்போனார், பெட்டி தூக்க. அங்கே வாயைத் திறக்க எனக்கு இன்னும் சில வருடங்கள் ஆயின.

மூக்கு திறந்தது மறுவாரம். அதற்குள் டீச்சர் வீட்டுச் சக்கையும் தீர்ந்திருந்தது. மனைவி இந்த முறை இலையையும் தண்ணீரையும் இறுக மூடிய பாட்டிலில் போட்டு அவளே மாடிக்குக் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த நாள் பகல் டூட்டி முடிந்து அவள் வந்ததும், அடுக்களையில் இருவரும் உட்கார்ந்தோம். சூடாக ஒரு கிண்ணம், தணுப்பாக ஒரு தம்ளர். உறிஞ்சவோ சுழற்றவோ இல்லை. மற்றவர்கள் குடிப்பதுபோலக் குடித்தேன்.

சூட்டில் முதலில் முன்போலத்தான் இருந்தது. ஆனால் குடித்து முடித்த கிண்ணத்தை மனைவி மூக்கருகே கொண்டுபோய், "இதைப் பாருங்க" என்று நீட்டினாள். காலிக் கிண்ணத்தின் அடியில் ஒரு வாசனை இருந்தது. பால் காய்ந்து இறக்கும்போது வருவதும், பிச்சிப்பூ வைத்த தலையை அவிழ்க்கும்போது வருவதும் கலந்தது மாதிரி. தணுப்பில் கசப்பு துளியும் இல்லை. விழுங்கிய பிறகு, தொண்டையில், யாரோ தாமதமாக வந்து உட்கார்ந்தது மாதிரி ஒரு இனிப்பு. சூட்டில் மேலே பறந்தது, தணுப்பில் அடியில் தங்கியது. ஒரே இலை என்று சொன்னால் நம்பமுடியாது.

"எப்படி இருக்கு? மேகம் இறங்கிச்சா?" என்றாள் மனைவி.

"தெரியல்ல பிள்ளே," என்றேன். "நல்லா இருக்கு. வேற என்ன சொல்லணும்னு தெரியல்ல."

அவள் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இருக்கிறதா என்று.

அந்த நேரம் மச்சான் உள்ளே வந்தார். லீவு முடிந்து இரண்டொரு நாளில் பம்பாய்க்கு ரயில் ஏற வேண்டியவர். "தணுப்பு மிச்சமிருக்கா?" என்று பாட்டிலை எடுத்து ஒரு தம்ளரில் ஊற்றினார். பிறகு சீனிப் பாத்திரத்தை இழுத்து இரண்டு கரண்டி போட்டார். ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டி அதில் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கலக்கினார்.

"உள்ளதைச் சொன்னா அளியா," என்றார், பாதியைக் குடித்துவிட்டு, "எனக்கு இந்தச் சாமானம் ஒருநாளும் பிடிச்சதில்ல. அந்தக் கடைக்காரி அவ்வளவு பாடுபட்டுக் காட்டினா. வாங்காம வர மனசு வரல்ல. இப்பத்தான் குடிக்கமுடியுது."

மனைவி தம்ளரை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். எனக்குக் கொடுத்தாள். நானும் குடித்தேன்.

நன்றாகத்தான் இருந்தது. இன்னும் இரண்டு எலுமிச்சம்பழம் வேண்டும் என்றாள். குடையை எடுத்துக்கொண்டு நான் தெருமுனைக் கடைக்குக் கிளம்பினேன்.